எனக்கு மட்டும் ஏன்? என்னைக் கேட்காமல் ஏன்?
குடும்பத்தைக் காக்கும் இரண்டு உரிமைகள்



ஓர் அநியாயம் நடந்தால் நம் ஆட்களின் வாயில் முதலில் வருவது இரண்டு கேள்விகளில் ஒன்றுதான். "எல்லாருக்கும் ஒண்ணு, எனக்கு மட்டும் வேறயா?" என்பது ஒன்று. "என்னைய ஒரு வார்த்தை கேக்காம எப்படி முடிவு பண்ணுனாங்க?" என்பது மற்றது. செக்ரோலில் பெயர் வெட்டுப்பட்டாலும், லயத்துக் காம்பரா கைமாறினாலும், நிவாரணப் பட்டியலில் பெயர் விட்டுப்போனாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் கேட்கிறோம். சில நேரம் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறோம்.

சட்டப் புத்தகத்தில் இந்த இரண்டுக்கும் பெரிய பெயர்கள் உண்டு. முதற் கேள்விக்குப் பின்னால் நிற்பது 'சட்டத்தின் சமமான பாதுகாப்பு'. இரண்டாவதற்குப் பின்னால் நிற்பது 'உரிய சட்ட நடைமுறை'. வாசிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று இந்தக் கட்டுரையில் ஒன்றைச் 'சமம்' என்றும் மற்றதை 'முறை' என்றும் எழுதுகிறோம்.

முறைக்கு ஒரு வாலும் உண்டு. நோட்டீஸ் அனுப்பினோம், கூப்பிட்டு விசாரித்தோம் என்பதோடு அது முடிந்துவிடாது. கலியாணம், பிள்ளை, வீடு போன்ற காரியங்களில் அரசாங்கம் கை வைக்க வேண்டுமானால் அதற்குத் தகுந்த காரணமும் இருக்க வேண்டும். காரணம் போதாவிட்டால், ஆயிரம் நோட்டீஸ் அனுப்பினாலும் அது முறையாகாது.

குடும்ப விஷயங்களில் இந்த இரண்டு உரிமைகளும் தனித்தனியாக நிற்பது குறைவு. ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுதான் வருகின்றன. இதைத் தெளிவாகக் காட்டுபவை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உயர் நீதிமன்றத் தீர்ப்புகள். "அது சரி, அமெரிக்காக்காரன் கதை எங்களுக்கு எதுக்கு?" என்று கேட்பீர்கள். அந்த வழக்குகளுக்குப் போனவர்களைப் பாருங்கள். நிவாரணக் காசில் சீவித்த பெண்கள், கலியாணம் எழுதாமல் குடித்தனம் நடத்திய தகப்பன், கோர்ட்டுக்குக் கட்டக் காசில்லாத தாய். நமக்குத் தெரியாத ஆட்களா அவர்கள்?

ஒரே வாக்கியத்தில் இரண்டும்

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டு யுத்தம் நடந்தது. அது முடிந்து அடிமைமுறை ஒழிந்தது. 1868இல் அந்த நாட்டு அரசியலமைப்பில் 14ஆவது திருத்தம் சேர்ந்தது. எந்த மாநிலமும் உரிய சட்ட நடைமுறை இல்லாமல் ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ சொத்தையோ பறிக்கக் கூடாது, சட்டத்தின் சமமான பாதுகாப்பை எவருக்கும் மறுக்கவும் கூடாது என்பது அதன் சாரம். இரண்டு உரிமைகளும் ஒரே வாக்கியத்தில், பக்கத்துப் பக்கத்துக் காம்பராபோல இருக்கின்றன.

அந்தத் திருத்தத்தில் 'குடும்பம்' என்ற சொல்லே கிடையாது. ஆனால் அது யாரை நினைத்து எழுதப்பட்டது? அடிமையாக இருந்தவர்களின் கலியாணத்தை அக்காலச் சட்டம் கலியாணமாகவே மதிக்கவில்லை. தாயை ஒரு முதலாளிக்கும் பிள்ளையை வேறொரு முதலாளிக்கும் விற்கலாம். கேட்பாரில்லை. குடும்பம் என்ற ஒன்று சட்டத்தின் கண்ணில் இல்லாதவர்களுக்காக எழுதப்பட்ட வாக்கியம், பிறகு குடும்பத்தைக் காக்கும் வாக்கியமாக வளர்ந்ததில் ஆச்சரியம் இல்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

கோழி திருடியவனும் கணக்கில் திருடியவனும்

ஒக்லஹோமா மாநிலத்தில் 1935இல் ஒரு சட்டம் வந்தது. திரும்பத் திரும்பப் பெரிய குற்றம் செய்து மாட்டுபவருக்கு இனிப் பிள்ளை பிறக்காதபடி ஆபரேஷன் செய்துவிடலாம் என்பது அந்தச் சட்டம். குற்றப் புத்தி பரம்பரையாக வருமாம், அதை வேரோடு வெட்ட வேண்டுமாம்! கருத்தடை ஆபரேஷன் என்ற சொல்லுக்கு நம் தோட்டங்களில் எவ்வளவு கனம் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

அந்தச் சட்டத்தில் மாட்டிய ஒருவர் முதலில் கோழி திருடியவர், பிறகு இரண்டு தடவை துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளையடித்தவர். நல்ல மனிதர் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அதே சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருந்தது. நம்பிக் கொடுத்த காசைக் கையாடியவருக்கு ஆபரேஷன் இல்லை. மூன்று தடவை வெளியே இருந்து வந்து திருடினால் ஆபரேஷன். மூன்று தடவை உள்ளேயே உட்கார்ந்து பேனாவால் திருடினால் மறியல் மட்டும். இரண்டு பேரும் எடுத்த காசு ஒரே அளவாகவே இருக்கலாம்.

1942இல் உயர் நீதிமன்றம் இந்தச் சட்டத்தைத் தள்ளியது. ஸ்கின்னர் வழக்கு என்று அதைச் சொல்வார்கள். ஆபரேஷன் கூடாது என்பதில் நீதியரசர்கள் எல்லோரும் ஒத்துப்போனார்கள். காரணம் சொல்லும்போதுதான் பிரிந்தார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் டக்ளஸ், இது சமத்துக்கு விரோதம் என்றார். கலியாணம் செய்வதும் பிள்ளை பெறுவதும் மனிதரின் அடிப்படை உரிமைகள், அதில் கை வைக்கும்போது ஆளுக்கொரு நீதி கூடாது என்றார். பிரதம நீதியரசர் ஸ்டோனுக்கு அந்தக் காரணம் பிடிக்கவில்லை. இந்த மனிதரின் குணம் பிள்ளைக்குப் போகுமா இல்லையா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா, மறுத்துப் பேச இடம் கொடுத்தீர்களா என்பதே அவருடைய கேள்வி. அதாவது முறை. மூன்றாவதாக நீதியரசர் ஜாக்சன், இரண்டு காரணமுமே சரி என்று எழுதினார்.

டக்ளஸ் எழுதியதைக் கவனமாகப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். மேலே எழுதியிருப்பது சமம். ஆனால் அதைத் தாங்கிப் பிடிப்பது, பிள்ளை பெறும் உரிமை அடிப்படையானது என்ற எண்ணம். அது முறையின் வீட்டுச் சாமான். இப்படித்தான் இரண்டும் ஒன்றின் வீட்டுக்குள் மற்றொன்று புழங்கத் தொடங்கின.

இரண்டு பேருக்கும் சமமான தண்டனை

சமம் மட்டும் போதாதா என்று கேட்பவர்களுக்கு வேர்ஜினியா மாநிலத்தின் வாதத்தைச் சொல்ல வேண்டும்.

1958 யூன் மாதத்தில் வெள்ளையரான ரிச்சர்ட் லவிங்கும், கறுப்பினத்தையும் பூர்வகுடியையும் சேர்ந்த மில்ட்ரெட்டும் வாஷிங்டனுக்குப் போய்க் கலியாணம் எழுதினார்கள். ஊர் திரும்பி ஐந்து வாரம் ஆகியிருக்கும். நடுச்சாமத்தில் பொலிஸ் படுக்கையறைக்குள்ளேயே வந்து நின்றது. சுவரில் தொங்கிய கலியாணச் சான்றிதழைக் காட்டினார்கள். அது இங்கே செல்லாது என்று இருவரையும் கொண்டுபோனார்கள். வெள்ளையர் வேறு இனத்தவரைக் கலியாணம் செய்வது அங்கே குற்றம். ஒரு வருட மறியல் தண்டனை. 25 வருடத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து அந்த மாநிலத்துக்குள் வராதிருந்தால் மறியல் இல்லை. பிறந்த மண்ணை விட்டுப் போக வேண்டியதாயிற்று.

வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது மாநிலம் என்ன சொன்னது தெரியுமா? "நாங்கள் பாகுபாடு காட்டவில்லையே. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் ஒரே தண்டனைதானே?" கேட்டால் நியாயம்போல இருக்கிறது அல்லவா? இரண்டு பேருக்கும் சமமாக அடித்தால் அதுவும் சமம்தான் என்ற வாதம்.

1967 யூன் 12ஆம் திகதி நீதியரசர்கள் ஒருமித்து அந்த வாதத்தை ஏற்க மறுத்தார்கள். பிரதம நீதியரசர் ஏர்ல் வாரன் தீர்ப்பை இரண்டு பாகமாக எழுதினார். முதற் பாகம் சமம். இந்தச் சட்டம் வெள்ளையர் கலக்கும் கலியாணத்தை மட்டுமே தடுக்கிறது. மற்ற இனத்தார் தங்களுக்குள் யாரைக் கட்டினாலும் அதற்குக் கவலையில்லை. ஆகவே இதன் நோக்கம் வெள்ளையரை மேலே வைப்பது. இரண்டாம் பாகம் முறை. யாரைக் கலியாணம் செய்வது என்பது ஒருவருடைய சுதந்திரம், இவ்வளவு அற்பமான காரணத்துக்காக அதைப் பறிக்க முடியாது. இந்த இரண்டாம் பாகம் சின்னது, சில பந்திகள்தான். ஆனாலும் அது இருப்பதால் "எல்லோருக்கும் சமமாகத்தானே தடுக்கிறோம்" என்று பிறகு ஒருவர் சொல்ல வழியில்லை. அந்த நேரத்தில் 16 மாநிலங்களில் இப்படிப்பட்ட சட்டம் இருந்தது. எல்லாம் ஒரே நாளில் செல்லாமற்போயின.

கலியாணம் எழுதாத தகப்பன்

இலினோய் மாநிலத்தில் ஒருவர் ஒரு பெண்ணோடு 18 வருடம் விட்டுவிட்டுக் குடித்தனம் நடத்தினார். மூன்று பிள்ளைகள். கலியாணம் எழுதவில்லை. அந்த அம்மா இறந்துபோனார். உடனே மாநிலம் பிள்ளைகளைத் தன் பொறுப்பில் எடுத்தது. அந்த மனிதர் பிள்ளைகளைப் பார்த்தாரா பார்க்கவில்லையா, நல்ல தகப்பனா கெட்ட தகப்பனா என்று யாரும் விசாரிக்கவில்லை. கலியாணம் எழுதாத தகப்பன் அந்த மாநிலச் சட்டத்தில் 'பெற்றோர்' என்ற சொல்லுக்குள்ளேயே வரவில்லை.

கலியாணம் எழுதிய தகப்பனிடமிருந்தோ விவாகரத்தான தகப்பனிடமிருந்தோ கலியாணமாகாத தாயிடமிருந்தோ பிள்ளையை எடுக்க வேண்டுமானால் அதே மாநிலம் விசாரணை வைத்துக் குற்றத்தை நிரூபிக்க வேண்டும். இவருக்கு மட்டும் அது இல்லை.

1972இல் வந்த ஸ்டான்லி தீர்ப்பு இரண்டு உரிமைகளையும் ஒரே முடிச்சில் கட்டியது. பிள்ளையை எடுக்குமுன் தகப்பனை விசாரிக்க வேண்டும், அது முறை. மற்றப் பெற்றோர் எல்லோருக்கும் அந்த விசாரணையைக் கொடுத்துவிட்டு இவருக்கு மட்டும் மறுப்பது சமத்துக்கு விரோதம். பிரித்துப் பாருங்கள், பிரிக்க வராது. மறுக்கப்பட்ட பொருள் விசாரணை. மறுக்கப்பட்ட விதம் பாகுபாடு.

நம் லயங்களில் சாமிக்கு முன்னால் தாலி கட்டிப் பதிவாளரிடம் போகாமல் விட்ட குடும்பங்கள் எத்தனையோ. அவர்கள் இந்தத் தகப்பனின் கதையை இன்னொரு முறை வாசிக்கட்டும். தீர்ப்பு நல்லபடியாக வந்தது. ஆனால் வந்தது 1972இல்தான், அதற்கு முன் அந்தப் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்பதையும் யோசிக்கத்தானே வேண்டும்? பதிவு என்பது ஒரு கடதாசிதான். அந்தக் கடதாசி இருந்திருந்தால் இந்த வழக்கே தேவைப்பட்டிருக்காது.

காசு இல்லாதவருக்குக் கதவு

இனி நமக்கு மிகக் கிட்டிய விஷயத்துக்கு வருவோம்.

கனெக்டிகட் மாநிலத்தில் நிவாரணக் காசில் சீவித்த சில பெண்கள் விவாகரத்துக் கேட்டு வழக்குப் போடப் போனார்கள். கோர்ட்டுக் கட்டணமும் நோட்டீஸ் செலவும் சேர்ந்து 60 டொலர் அளவில் ஆகும். அவர்களிடம் இல்லை. எழுதுவினைஞர் கடதாசிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 1971இல் உயர் நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. எப்படி? கலியாணத்தை முறிக்கும் அதிகாரம் அரசாங்கத்தின் கையில் மட்டுமே இருக்கிறது. கடனென்றால் பேசித் தீர்க்கலாம். கலியாணக் கட்டை இரண்டு பேர் பேசி அவிழ்க்க முடியாது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். ஒரே வாசலை வைத்துக்கொண்டு அதற்கும் பூட்டுப் போட்டால் அது முறையல்ல. நீதியரசர் டக்ளஸ், நாம் மேலே பார்த்த அதே ஆள், முடிவை ஒத்துக்கொண்டு காரணத்தை மாற்றினார். காசுள்ளவருக்குத் திறந்த கதவு காசில்லாதவருக்கு மூடப்பட்டதால் இது சமத்தைப் பற்றிய வழக்கு என்றார்.

இதை வைத்து, ஏழைகளுக்கு இனிக் கோர்ட்டுக் கட்டணமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு வருடம் கழித்து, 1973இல், கடனைக் கட்ட முடியாமல் முறிந்துபோனதாக அறிவிக்க 50 டொலர் கேட்கிறார்கள் என்று ஒருவர் வந்தார். அதே நீதிமன்றம் கட்டத்தான் வேண்டும் என்றது. அதே வருடத்தில், வெட்டப்பட்ட நிவாரணத்துக்காக மேன்முறையீடு செய்ய 25 டொலர் கேட்கிறார்கள் என்று வந்தவர்களுக்கும் கதவு திறக்கவில்லை. ஏழை என்பது மட்டும் அந்த நீதிமன்றத்தில் போதிய காரணமில்லை. இது நமக்குச் சரியாகப் படவில்லை. நிவாரணத்தில் சீவிப்பவருக்கு 25 டொலர் என்ன, சும்மா காசா? ஆனால் அங்கே சட்டம் அப்படித்தான் நிற்கிறது.

அப்படியானால் ஏழ்மையோடு குடும்பமும் சேர்ந்தால்? அதற்கு விடை 1996 டிசம்பர் 16ஆம் திகதி வந்தது.

மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு தாய். தீர்ப்பில் அவருடைய பெயர் வெறும் எழுத்துகளாக மட்டுமே இருக்கிறது. நாமும் தாய் என்றே சொல்வோம். 1992இல் விவாகரத்து நடந்து இரண்டு பிள்ளைகளும் தகப்பனிடம் போனார்கள். தகப்பன் மறுகலியாணம் செய்தார். புது மனைவி பிள்ளைகளைத் தத்தெடுக்க வேண்டும், அதற்காகப் பெற்றவளின் தாய் உரிமையை முற்றாக நீக்க வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். 1994 டிசம்பரில் கோர்ட்டு நீக்கிவிட்டது. பிள்ளை வளர்ப்பு யாரிடம் என்ற தீர்ப்புப்போல அல்ல இது. அந்தத் தீர்ப்பைப் பிறகு மாற்றலாம். இது நடந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு அவர் சட்டப்படி யாரோ ஒரு பெண். ஏன் நீக்கினோம் என்று தீர்ப்பில் விளக்கமும் இல்லை. சட்டத்தில் இருந்த சொற்களைத் திருப்பி எழுதியிருந்தார்களே தவிர, எந்தச் சாட்சியத்தை வைத்து என்று சொல்லவில்லை.

தாய் மேன்முறையீடு செய்தார். 100 டொலர் கட்டணத்தைக் கட்டினார். ஆனால் வழக்கின் பதிவுகளைத் தயாரிக்க முன்பணம் வேண்டும் என்றார்கள். எவ்வளவு? 2,352 டொலர் 36 சதம். விசாரணையில் பேசியதைத் தட்டச்சிட்ட 950 பக்கத்துக்கு 1,900 டொலர். மற்றக் கடதாசிகளுக்கு 438 டொலர். தபாலுக்கு 10 டொலர். கட்டிவைக்கும் அட்டைக்கு 4 டொலர் 36 சதம்! பெற்ற பிள்ளைக்கும் தாய்க்கும் நடுவில் அட்டைக் காசும் வந்து நின்றது. கட்ட முடியாததால் மிசிசிப்பி உயர் நீதிமன்றம் மேன்முறையீட்டைத் தள்ளிவிட்டது.

மத்திய உயர் நீதிமன்றத்தில் அந்தத் தாய்க்கு எதிராக என்ன சொல்லலாம்? முறையின் பக்கம் பார்த்தால், மேன்முறையீடு தந்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க அரசியலமைப்புச் சொல்லவில்லை என்பது பழைய கொள்கை. ஒரு விசாரணை நடந்தது, அவரும் அங்கே இருந்தார், முறை முடிந்தது. சமத்தின் பக்கம் பார்த்தால், கட்டணம் எல்லோருக்கும் ஒன்றுதான், ஏழ்மை மட்டும் காரணமாகாது என்பதை மேலே பார்த்தோம். இப்படி ஒவ்வொரு காலாகத் தட்டிவிட்டால் அந்தத் தாய் விழுந்துவிடுவார்.

நீதியரசர் ரூத் பேடர் கின்ஸ்பேர்க் இரண்டு காலையும் சேர்த்து ஊன்ற வைத்தார். அரசாங்கம் மேன்முறையீட்டுக் கதவைத் திறந்துவிட்டதென்றால், அதற்குள் காசுள்ளவர் போகலாம், இல்லாதவர் போகக் கூடாது என்று வைப்பது சமத்தின் கேள்வி. அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது என்ன, எவ்வளவு பெரிய பொருள் பறிபோகிறது, தவறான தீர்ப்பானால் என்ன ஆகும் என்பது முறையின் கேள்வி. குற்ற வழக்குகளில், அபராதம் மட்டும் விதிக்கக்கூடிய சின்னக் குற்றமென்றாலும், மேன்முறையீட்டுக்கு வேண்டிய பதிவை ஏழைக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று 1971இலேயே தீர்ந்திருந்தது. சில்லறைக் குற்றவாளிக்குக் கிடைப்பது பிள்ளையைப் பறிகொடுக்கும் தாய்க்குக் கிடைக்காதா? ஆறு நீதியரசர்கள் தாயின் பக்கம் நின்றார்கள், மூன்று பேர் எதிர்த்தார்கள். காசைக் காரணம் காட்டி மேன்முறையீட்டை மறுக்கக் கூடாது என்று முடிந்தது.

பிள்ளை தாயிடம் திரும்ப வேண்டும் என்று அந்தத் தீர்ப்புச் சொல்லவில்லை. தாய் பேசுவதை மேல் கோர்ட்டுக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னது. ஆனால் அதுதான் அவரிடம் இல்லாமல் இருந்தது.

எங்கே நின்றுவிடுகிறது

எல்லாம் வெற்றிக் கதை என்று எழுதினால் நாம் பொய் சொன்னவர்களாவோம். தாய் உரிமையை நீக்கும் வழக்கில் ஏழைத் தாய்க்கு அரசாங்கம் ஒரு சட்டத்தரணியைத் தந்தே ஆக வேண்டுமா என்று 1981இல் கேள்வி வந்தது. எல்லா வழக்கிலும் தேவையில்லை, அந்தந்த வழக்கைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார்கள் ஐந்து பேர், நான்கு பேர் மறுத்தார்கள். அதற்குப் பிறகு பல மாநிலங்கள் தாங்களாகவே சட்டத்தரணியைத் தருகின்றன, அது வேறு விஷயம்.

சமம் தனியாக நின்றால் என்ன ஆகும் என்பதற்கு 2017இல் வந்த ஒரு தீர்ப்பு நல்ல பாடம். பிரசாவுரிமைக்காக அலைந்த நம் சனத்துக்கு இது நன்றாகப் புரியும். வெளிநாட்டில் கலியாணமின்றிப் பிறக்கும் பிள்ளைக்கு அமெரிக்கப் பிரசாவுரிமை போக வேண்டுமானால், பெற்றவர் அமெரிக்காவில் முன்பு எவ்வளவு காலம் இருந்திருக்க வேண்டும்? தாய் என்றால் ஒரு வருடம். தகப்பன் என்றால் அதைவிடப் பல வருடம் கூட. தகப்பன் வழியாக உரிமை கேட்ட ஒருவர், நாடு கடத்தப்படும் நிலையில் வழக்காடி, இது பாகுபாடு என்று நிரூபித்தார். நீதிமன்றமும் ஆம் என்றது. தீர்வு என்ன தெரியுமா? தகப்பனுக்கும் ஒரு வருடமாகக் குறைக்கவில்லை. இனித் தாய்க்கும் நீண்ட காலமே என்று ஆக்கியது! வழக்கில் வென்றவருக்குக் கையில் ஒன்றுமில்லை. சமத்தை மேலே தூக்கியும் கொண்டுவரலாம், கீழே இறக்கியும் கொண்டுவரலாம். கீழே இறங்காமல் பிடித்துக்கொள்வதற்குத்தான் மற்ற உரிமை பக்கத்தில் வேண்டும்.

முறை தனியாக நிற்பதும் ஆபத்துத்தான். கருக்கலைப்பு உரிமை முறையின் 'சுதந்திரம்' என்ற சொல்லை நம்பியே 1973இல் தரப்பட்டது. 2022இல் அதே நீதிமன்றம் அதை எடுத்துவிட்டது. அந்தச் சொல்லை வைத்துக் கொடுத்த மற்றத் தீர்ப்புகளையும் திரும்பப் பார்க்க வேண்டும் என்று ஒரு நீதியரசர் தனியாக எழுதினார். பெரும்பான்மை அதற்குச் சேரவில்லை. இரண்டு பாலாரும் தத்தம் பாலாரையே கலியாணம் செய்யலாம் என்ற 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பு, லவிங் தீர்ப்பைப்போல இரண்டு காலில் நிற்கிறது. அதை எழுதிய நீதியரசர் கென்னடி, சமமும் சுதந்திரமும் ஒன்றின் பொருளை மற்றொன்று விளக்குகின்றன என்ற கருத்தில் எழுதினார்.

நம் நாட்டில்

இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரையைப் பாருங்கள். சட்டத்தின் முன் எல்லோரும் சமம், சட்டத்தின் சமமான பாதுகாப்புக்கு எல்லோரும் உரித்துடையவர்கள் என்று இருக்கிறது. 1868இல் அமெரிக்கர் எழுதிய அதே சொற்கள்தான் இங்கேயும் வந்திருக்கின்றன. 12(2)இல் இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் ஆகியவற்றை வைத்துப் பிரஜைகளுக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்று இருக்கிறது. ஆனால் பக்கத்துக் காம்பரா இங்கே சின்னது. கைதுக்கும் குற்ற விசாரணைக்கும் 13ஆம் உறுப்புரை இருக்கிறது. கலியாணத்துக்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பாக அமெரிக்காவில் இருப்பதுபோல் பொதுவான முறை உரிமை தனியாக எழுதப்படவில்லை. குடும்பத்தை அரசு பாதுகாக்க வேண்டும் என்று 27ஆம் உறுப்புரையில் உண்டு. அது வழிகாட்டி மட்டும்தான், அதை வைத்து வழக்குப் போட முடியாது.

அதனால் இங்கே சமத்தின் தோளில் முறையின் சுமையும் ஏறியிருக்கிறது. நம் உயர் நீதிமன்றம் 12(1)ஐ அகலமாகவே வாசித்து வந்திருக்கிறது. பக்கத்து ஆளுக்குக் கொடுத்து எனக்கு மறுத்தார்கள் என்பது மட்டுமல்ல, காரணமில்லாமல், தன்னிச்சையாக, மறுபக்கத்தைக் கேட்காமல் ஓர் அதிகாரி எடுத்த முடிவும் சமமான பாதுகாப்பை மீறியதாகலாம். "எனக்கு மட்டும் ஏன்" என்ற கதவால் "என்னைக் கேட்காமல் ஏன்" என்ற கேள்வியையும் உள்ளே கொண்டுபோகலாம் என்று அர்த்தம்.

எல்லைகளையும் தெரிந்து வையுங்கள். 16ஆம் உறுப்புரையின்படி 1978க்கு முன்பிருந்த பழைய சட்டங்கள், உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும். ஆகவே பழைய குடும்பச் சட்டங்களைக் கோர்ட்டில் உடைப்பது கடினம், பாராளுமன்றம்தான் மாற்ற வேண்டும். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் கலியாணத்தில் பிறந்த பிள்ளைக்கு உரிமையைத் தகப்பன் வழியாகவே கொடுத்தது. தாய் வழியாகவும் போகலாம் என்று 2003இல்தான் திருத்தம் வந்தது. அதுவும் பாராளுமன்றம் செய்த காரியம்.

அடிப்படை உரிமை வழக்கு அரசாங்க நிர்வாகத்தின் செயலுக்கு எதிராகத்தான் போட முடியும். அடுத்த காம்பராக்காரருக்கு எதிராகப் போட முடியாது. மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். இந்த ஒரு மாதத்தைத்தான் பலர் தவற விடுகிறார்கள். யாரையாவது பார்ப்போம், தலைவரிடம் சொல்வோம், சம்பளம் வரட்டும் என்று நாள் போய்விடுகிறது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். 1978இல் அதை அமைத்ததே அதற்காகத்தான். போகும்போது பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, அடையாள அட்டை, அதிகாரி அனுப்பிய கடிதம் எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். கடிதம் எந்தத் திகதியில் கைக்கு வந்தது என்பதை அதன் உறையிலேயே எழுதி வையுங்கள். உறையைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடாதீர்கள்.